வீரமுத்து உயிரோடு இருக்கிறார்

மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது. ரூபினி அப்போது ஸ்கூடாய் நகர அலுவலகத்தில், ஒரு திருவிழா அறிவிப்பில் ஆட்களின் பெயரை நீலத்திலும் ஊர்களின் பெயரைப் பச்சையிலும் குறித்துக்கொண்டிருந்தாள். இணையத்தில் கிடக்கும் தமிழ்ப் பக்கங்களைப் படித்து, யார் எவர், எங்கே என்ன நடந்தது என்று கணினி தானே திரட்டி, தேடுபவர்களின் கைப்பேசியில் காட்ட வேண்டும். அதற்குப் பாடம் சொல்லும் வேலை. பக்கத்து மேசை ஜெயபாலனுக்கும் அதே வேலைதான். நெஞ்சு வலிக்கிறதென்று விடுப்பு எடுத்துக்கொண்டு கோத்தா திங்கியில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனவன், அங்கேயே இறந்துவிட்டானாம்.

மறுநாள் காலை அவள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசல் கூடாரத்தடியில் அவன் அப்பா வீரமுத்து கைப்பேசியைக் காதில் வைத்திருந்தார்.

"இல்லப்பா, நான்தான் பேசுறேன். போனது என் மவன்."

வைத்ததும் மறுபடி அடித்தது. "உயிரோடத்தான்லா இருக்கேன்," என்றார் இம்முறை.

பிறகு ரூபினியைப் பார்த்தார். "விடிஞ்சதிலேர்ந்து இதே கூத்துதாம்மா. நான் செத்துட்டேன்னு போன்ல காட்டுதாம். மவன் போனத ஒவ்வொருத்தருக்கும் என் வாயாலயே சொல்லவேண்டியிருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கோயில் வலைப்பக்கத்தில் 'ஜெயபாலன் வீரமுத்து காலமானார்' என்று போட்டிருந்தார்கள். இங்கே பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் வரும். கணினியோ பின்னால் வருவதையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்ளும். பல வருடம் கோயில் தலைவராக இருந்த வீரமுத்துவை அதற்கு ஏற்கெனவே தெரியும். இறந்த தேதியை அவர் தலையில் கட்டிவிட்டது.

இந்தக் கோளாறோடுதான் ஜெயபாலன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினான். "எல்லாரையும் அப்பன் பேரச் சொல்லிக் கூப்பிடுது பாரு, ஸ்கூல்ல சண்டைக்கு இழுக்கிறவன் மாதிரி," என்று சிரிப்பான்.

"எடுக்கிறதுக்கு முன்ன இது நிக்குமாம்மா?" என்று கேட்டார் பெரியவர்.

"பாக்குறேன் அங்கிள்."

காரில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து தேதியை மகன் பெயருக்கு மாற்றினாள். திருத்தம் ஏறவில்லை. மேலாளர் செல்வாவை அழைத்தாள்.

"இன்னொரு ஆளும் பாத்து சரின்னு சொல்லணும் ரூபினி. அதுதானே முறை."

"நீயே சொல்லிடேன் செல்வா. அந்தப் பெரியவரால முடியல."

"எனக்குத் தமிழ்ப் பக்கம் திறக்காது. தமிழுக்கு நீங்க ரெண்டு பேர்தான்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "மேல எழுதிட்டேன். திங்கக்கிழமைதான் பாப்பாங்களாம்."

அவள் கூடாரத்துக்குத் திரும்பினாள். வீரமுத்துவின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். சடலத்தை எடுக்கும்வரை வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். பெரியவர் மகனின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திருத்தம் இன்னும் ஏறவில்லை. இரண்டாவது ஆளின் ஒப்புதலுக்காக, ஜெயபாலன் பெயரில் நிற்கிறது.