உள்ளுக்க ஆளிருக்கு

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மருதமுனையில் ஒரு புடவைக் கடையில் இருந்தேன். அங்கே பில் போடும் மென்பொருளை எழுதியவன் நான். பட்டனைத் தட்டியதும் பில் கைக்கு வந்துவிடும். ஆனால் அதன் விவரம் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகத்தான் டேட்டாபேஸுக்குள் போகும். இடையில் மின்சாரம் நின்றால் வரிசையில் நிற்பதெல்லாம் அழிந்துவிடும்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் கடைக்காரரான ஹாஜியார் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவார். புதிதாக யாரும் வர முடியாது. உள்ளே நிற்பவர்களை அனுப்பிவிட்டு மெயின் சுவிட்சை அணைப்பார். அன்றும் கடைசி ஆள் குனிந்து வெளியேறினார். பெருநாள் கூட்டத்தில் நீண்டுபோன என் பில் வரிசையோ ஆமையாக ஊர்ந்தது. ஹாஜியாரின் கை சுவிட்சுக்குப் போனது.

"கைய எடுங்க!" என்று கத்திவிட்டேன். அவரோடு யாரும் அப்படிக் கதைப்பதில்லை.

"என்ன தம்பி? உள்ளுக்க ஒருத்தருமில்லையே."

"இருக்காங்க, ஹாஜியார். இதுக்குள்ள நிக்காங்க." திரையைக் காட்டினேன்.

பள்ளியில் குத்பா பிரசங்கம் தொடங்கும் நேரம். தொப்பியைப் போட்டுக்கொண்டு, என்னையும் திரையையும் மாறி மாறி முறைத்தபடி நின்றார். ஒருவழியாகக் கடைசி பில்லும் பதிந்தது.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சை அணைத்தார்.