ஜெசிதாவும் இரண்டு தலை வயரும்

யாழ்ப்பாணம் குருநகர் இறங்குதுறையில் படகுகளுக்கு மின்சார வேலை செய்யும் ஜெசிதாவுக்கு நாற்பத்திரண்டு வயது. இடம்பெயர்ந்து திரும்பிய பின், இருபத்தாறு ஆண்களுக்கு நடுவே ஒருத்தியாக இருந்து வயரிங் படித்தவள். வெளிநாடு போன கணவன் இரண்டாவது வருடத்தோடு தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டான். அதைப் பற்றி அவள் யாரோடும் கதைத்ததில்லை. வீட்டு வேலைக்குக் கூப்பிட்டவர்கள் "கூட ஆர் வாறது?" என்று கேட்டார்கள். படகுக்காரர் கேட்கவில்லை. இடுக்குக்குள் குனிந்து போகக்கூடிய உடம்பு மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அப்படியே பதினொரு வருடம் ஓடியது.

அந்தப் பிழைப்புக்கு ஆனி மாதத்தில் ஆபத்து வந்தது. கனிசியஸ் என்ற படகுக்காரரின் இன்வேட்டர் எரிந்துபோனது. ஒரே மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டையும் பூட்டியவள் ஜெசிதா.

"பொம்பிளை செய்த வேலை," என்றார் கனிசியஸ், துறையில் நின்ற எல்லோருக்கும் கேட்க. "இனி இவவைக் கூப்பிடுறவை நெருப்பணைக்கவும் ஒரு ஆளைப் பிடிச்சு வையுங்கோ."

சிரித்தார்கள். அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த இரண்டு படகுக்காரர் அன்று பின்னேரமே "பிறகு பாப்பம், பிள்ளை" என்றார்கள். இறங்குதுறையில் பெயர் கெட்டால் அவளுக்கு வேறு துறை இல்லை.

கோயில் மதிலோரம் சைக்கிளை நிறுத்தி அவள் அழுதாள் என்பது உண்மை. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கனிசியஸின் படகுக்கே திரும்பினாள்.

இப்படியான படகுக்கு மின்சாரம் இரண்டு வழியால் வரும். கடலில் நிற்கும்போது, பற்றரியில் சேர்ந்திருப்பதை இன்வேட்டர் வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும். கரையில் நிற்கும்போது, ஐஸ் கொம்பனிச் சுவரிலிருந்து வயர் இழுத்துப் படகின் பின்பக்கப் பெட்டியில் செருகுவார்கள். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. அதற்கென்றே ஒரு சுவிச் உண்டு: ஒருபக்கம் கரை, மறுபக்கம் கடல், நடுவில் விட்டால் இரண்டுமில்லை.

சுவிச்சைத் திறந்து பார்த்தாள். பழுதில்லை. பின்பக்கப் பெட்டியைத் திறந்தாள்.

"அண்ணை, கரைக் கறண்டை எதாலை எடுக்கிறியள்?"

"பெட்டியாலைதான்."

"பெட்டிக்குள்ளை சிலந்தியெல்லோ குடியிருக்கு."

கனிசியஸ் கடலைப் பார்த்தார். இறால் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி அருமைநாயகி தலை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அந்த ரெண்டு தலைப் பாம்பை எடுத்துக் காட்டுங்கோவன். என்னத்துக்கு ஒளிக்கிறியள்?"

பாய்க்குக் கீழிருந்து வயர் வெளியே வந்தது. இரண்டு முனையிலும் ஆணிகள் நீட்டிய பிளக். மின்சாரமே இல்லாதிருந்த வருடங்களில் ஜெனரேற்றரை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் கொழுவ யாழ்ப்பாணத்தார் செய்துகொண்ட சாமான் அது. கனிசியஸின் கலியாணத்துக்கு வெளிச்சம் தந்ததும் இதே வயர்தான்.

"சோளகக் காத்துக்குப் படகை முன்பக்கம் கரையைப் பாக்கத்தான் கட்டுறது. உன்ரை பெட்டி பின்னுக்குக் கிடக்கு, வயர் எட்டாது. அறைக்குள்ளை இருக்கிற பிளக்கிலை குத்தினன்."

"அப்ப சுவிச் எங்கை நிண்டது?"

"நடுவிலை. ஒவ்வொரு நாளும் நடுவிலை விட்டிட்டுத்தான்…" நிறுத்தினார். "ரெண்டு நாள் மறந்திருப்பன்."

அந்த இரண்டு நாளும் சுவிச் கடல் பக்கம் இருந்திருக்கிறது. கரை மின்சாரம் அறைப் பிளக்கால் நுழைந்து, ஓடிக்கொண்டிருந்த இன்வேட்டருக்குள் பின்பக்கத்தால் ஏறியிருக்கிறது. ஜெசிதா வயரின் ஒரு தலையை ஐஸ் கொம்பனிச் சுவரில் குத்தினாள். மறுதலையின் ஆணியில், மின்சாரம் இருந்தால் காட்டும் ரெஸ்ரரை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பார்க்கச் சனம் கூடியது.

"இதிலை ஈரக்கை பட்டால் இன்வேட்டர் புகையாது, அண்ணை. நீங்கள்தான் புகைவியள்."

"இவருக்கு அதுவும் காணாது," என்றாள் அருமைநாயகி.

சுவரில் குத்தியதைக் கழற்றினாள். அத்தோடு வாயை மூடியிருந்தால் அவள் பெயர் முழுதாக மீண்டிருக்கும். ஆனால் பெட்டி பின்பக்கத்தில் இருந்ததற்குக் காரணம் அவள். தை மாதத்து வாடைக் காற்றில், பின்பக்கம் கரையைப் பார்க்கக் கட்டியிருந்த படகில் அதைப் பூட்டினாள். சோளகத்தில் எப்படிக் கட்டுவார்கள் என்று கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் அதைச் சொன்னாள்.

"பாதி என்ரை பிழை, அண்ணை. பெட்டியைக் கழட்டி நடுப்பக்கத்திலை வைச்சுத் தாறன், எந்தக் காத்துக்கும் எட்டும். ஆனால் உந்த வயரை வெட்டவேணும்."

கனிசியஸ் வயரைக் கையில் சுற்றினார். பிறகு அதை அவளிடம் கொடுத்துவிட்டு, சனத்தைப் பார்த்து, "பெட்டி வைச்ச இடம் பிழை. எரிச்சது நான்," என்றார். மன்னிப்பென்று ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு தலையை வெட்டிப் பைக்குள் போட்டாள்.

விலகிப்போன இரண்டு படகுக்காரரில் ஒருவர் வேலையைக் கொழும்புத்துறைக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டார். தன் பெட்டியைத் தானே பிழையான இடத்தில் வைக்கிறவளை எப்படி நம்புவது என்பது அவர் கதை. மற்றவர் அடுத்த நாள் காலையில் கூப்பிட்டார். ஜெசிதா கருவிப் பையைத் திறக்கவில்லை. படகின் முன்பக்க அணியத்தில் குந்தியிருந்து, வாடைக்கு எப்படிக் கட்டுவீர்கள், சோளகத்துக்கு எப்படிக் கட்டுவீர்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.