உழவாரன் குருவிக்காக வாங்கிய அறை

ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட காலத்தில், சாலையில் காவல் நிற்கும் சிப்பாயைக் கண்டால் இடுப்பு ஒடியக் குனிய வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குனிவதில் நான்தான் வகுப்பில் முதல்.

ஒரு நாள் காலையில் கடைவீதி நடைபாதையில் ஓர் உழவாரன் குருவி விழுந்து கிடந்தது. எடுத்து நிறுத்தினேன், கவிழ்ந்தது. மறுபடி நிறுத்தினேன், வயிற்றால் ஊர்ந்தது. பக்கத்தில் ஒரு பூனை பொறுமையாகக் காத்திருந்தது.

"நடடா சோம்பேறி!" என்று அதட்டினேன்.

மரவள்ளிக்கிழங்கு விற்ற முனியம்மா சிரித்துவிட்டாள். "அண்ணே, அது நடக்குற காலு இல்ல, செவுத்துல தொங்குற காலு. தின்னுறது, குடிக்கிறது எல்லாம் பறந்துக்கிட்டேதான். தரையிலேர்ந்து அதால எழும்ப முடியாது. ஒசரமா தூக்கிப் பிடிங்க லா!"

உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேலே தூக்கினேன். அப்போது பார்த்துச் சிப்பாய் எதிரே வந்து நின்றான்.

"ஐயோ, குனிங்கண்ணே!"

குனிந்தால் குருவி பூனைக்குத்தான். பழகிய முதுகு தானாக வளையப் பார்த்தது, நான் விடவில்லை.

"இருங்க தொரை, இவரு கெளம்பட்டும்" என்றேன், அவனுக்குத் தமிழ் தெரிந்ததுபோல.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. கையை இறக்கவில்லை. இரண்டாவது அறையில் கடைவாய்ப் பல் ஆடியது. அதற்குள் குருவி கையிலிருந்து சரிந்து, காற்றைப் பிடித்து, கூரைக்கு மேலே போய்விட்டது.

"ஒரு குருவிக்கா இவ்ளோ அடி?" என்று முனியம்மா அழுதாள்.

அதன்பின்னும் பலமுறை குனிந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு கை மட்டும் இறங்காமல் நின்றது.