பன்னிரண்டுக்குள் அடங்காத கசெட்

மலையகத்து ஹட்டன் கடைத்தெருவில் அந்த நாளில் சண்முகராஜாவிடம் ஒரு சிடியைக் காட்டினால் போதும், மனிதர் கணக்கில் இறங்கிவிடுவார். "எழுநூறு எம்பிங்க. ஃப்ளொப்பின்னா நானூத்தி எண்பத்தாறு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா உங்க உசரத்துக்கு நிக்கும்." வந்தவர் போட்டோகொப்பி எடுக்க வந்தவராக இருப்பார். அதைப் பற்றி அவருக்கென்ன?

எண்பத்தெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோர்டிங் பாராகத் தொடங்கிய கடை அது. இரண்டாயிரத்து இரண்டில் கம்ப்யூட்டர் வந்ததும் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினார். 'ஒரு சிடி = பன்னிரண்டு கசெட்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். எம்பி3 முறையில் மணிக்கணக்கை எம்பியாக்கி, எம்பியைக் கசெட்டாக்கி, இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக் கண்டுபிடித்த கணக்கு. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அடுத்த வருடம் சித்திரையில் றொசல்லப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அம்மாக்கண்ணு ஒரு சீலைப் பையோடு வந்தார். அவருடைய மகள் பரிமளம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் மகள் கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். மூன்று வருடம் அப்படி வந்தது. பிறகு மூடிய பெட்டியில் அவளே வந்தாள். திறக்கக்கூடாது என்றார்கள், புதைத்துவிட்டார்கள்.

"கசெட்டெல்லாம் இழுக்குதுங்க மொதலாளி. மருமகன் சிடி போடுற பெட்டி வாங்கியிருக்காரு. அதுல கேக்குற மாதிரி பண்ணிக் குடுங்க."

"எல்லாத்தையும் ஒரே சிடியில அடக்கிறலாம்மா. கசெட்ட இங்கயே விட்டுட்டுப் போங்க. இனிமே அதெல்லாம் குப்பைதான்."

அம்மாக்கண்ணு போன பிறகு எண்ணிப் பார்த்தார். பதின்மூன்று.

இன்னொரு சிடி போட்டிருக்கலாம். பெட்டி நிறைய இருந்தது. ஆனால் ஒன்றில் அடங்கும் என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று, பலகையில் எழுதியும் வைத்தாயிற்று. ஒன்றிரண்டு வெறும் கசெட்டாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். கடைசிக் கசெட்டில் சோவென்ற இரைச்சல் மட்டும் வந்தது. இரண்டு நிமிடம் கேட்டார். பேச்சில்லை. 'இது வெறுசு' என்று தள்ளி வைத்துவிட்டு, மற்றப் பன்னிரண்டையும் ஏற்றினார். கணக்கு அச்சாகப் பொருந்தியது. மனிதருக்கு அன்று ஒரே குஷி.

அதே வாரம் அந்தத் தோட்டத்துக் கோயில் கமிட்டி வீரய்யா வந்து, திருவிழாவுக்குப் பாட்டுக் கேட்டார். கோயில் ஒலிபெருக்கி செட்டில் கசெட்தான் போடலாம். கடையில் புதுக் கசெட் இல்லை. தள்ளி வைத்தது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இரண்டு பக்கமும் மாரியம்மன் பாட்டுப் பதிந்து கொடுத்துவிட்டார்.

திருவிழா முடிந்த மறுவாரம் அம்மாக்கண்ணு வந்தார்.

"சிடி நல்லாப் பேசுதுங்க. தண்ணிக் கசெட்டு மட்டும் அதுல வரலைங்க."

"என்ன தண்ணிக் கசெட்டும்மா?"

"கடேசியா வந்ததுங்க. அந்த வீட்டு மேடத்துக்குக் கேக்கக்கூடாதுன்னு பாத்ரூமுக்குள்ள போயி, பைப்பத் தொறந்துவிட்டுட்டுப் பேசியிருக்கா. மொதல்ல ரொம்ப நேரம் தண்ணி மட்டுந்தான் விழும். பயந்துகிட்டுச் சும்மா நின்னிருப்பா. அப்பறந்தான் 'அம்மா'ன்னு கூப்புடுவா."

பதினைந்து வருடம் கசெட்டோடு குடும்பம் நடத்தியவர் சண்முகராஜா. வெறும் நாடாவின் இரைச்சல் எப்படி இருக்கும் என்று அவர் காதுக்குத் தெரியாதா? அன்றைக்கே தெரிந்தது. இது வேறு மாதிரி இருக்கிறதே என்று காது சொன்னதை, கணக்குச் சரியாக வரவேண்டும் என்ற ஆசையில் அவர்தான் கேட்கவில்லை.

"அது... நாடா அறுந்துருச்சும்மா" என்று பொய் சொன்னார்.

"அறுந்தா என்னாங்க. அந்தத் துண்டக் குடுங்க. அவ படத்துகிட்ட வச்சுக்கிறேன்."

அந்தக் கேள்விக்கு எதிரே பொய் நிற்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னார். தண்ணீர்ச் சத்தம் என்று தெரியாமல் ஒதுக்கியதைச் சொன்னார். பாட்டுப் பதிந்ததையும் சொன்னார். தன்னை நாலு வார்த்தை திட்டமாட்டாரா என்று காத்திருந்தார்.

அம்மாக்கண்ணு திட்டவில்லை. இதைத்தான் கேட்டார்.

"எங்க கோயில்ல போட்டாங்களே, அந்தப் பாட்டுங்களா?"

"ஆமாம்மா."

"மூணு நாளும் லயத்து வீட்டுல இருந்து கேட்டேனே. நல்லா இருக்குன்னு பக்கத்து வீட்டுல வேற சொன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் புள்ள மேலயா அது பாடிக்கிட்டு இருந்துச்சு?"

மிச்சப் பன்னிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பாட்டுக் கசெட்டை வீரய்யாவிடம் தானே கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வாசலில் பலகைக்குக் கீழே நின்று குடையை விரித்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. சண்முகராஜாவுக்கு அதுதான் தாங்கவில்லை. மழையிலேயே இறங்கிப் போய் ஈரத்துணியால் அழித்தார்.

ஆறு வருடம் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த குணபூசணி டீச்சர் ஒருநாள் நாலு ஜிபி பென்டிரைவ் ஒன்றோடு கடைக்கு வந்தார். சண்முகராஜாவின் கணக்குப் புலமையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"இதுக்குள்ள எத்தினை கசெட் அடங்கும் எண்டு நீங்கள் உடனே சொல்லுவியளாம். உண்மையோ?"

எழுபது என்று மனதில் வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன கணக்கு மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை.

"தெரியாதுங்க டீச்சர்" என்றார். "ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."