ஜன்னல் கேட்ட இன்ஸ்பெக்டர்

நாமக்கல்லில் எங்கள் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்துக்குச் சர்க்கார் கடன் கொடுத்திருந்தது. வீடுகளைச் சோதித்து அடுத்த தவணைக்கு உத்தரவு போட ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லி உடம்பு, வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு. சுவர் மட்டும் எழும்பிய வீடானாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

குடிவந்த வீடொன்றின் சமையலறையில் நின்றுவிட்டார். "ஜன்னல் எங்கே?"

"அடுப்படிக்கு எதுக்குங்க சன்னலு? பொம்பளைங்க யாருமே கேக்கலீங்களே" என்றார் எங்கள் சங்கத் தலைவர்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கார அம்மாளிடம், "சோறு ஆக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மழையில் நனைந்த பருத்திமார் விறகு குபுகுபுவென்று புகைந்தது. தலைவரும் நானும் வாசலுக்கு ஓடிவந்துவிட்டோம். சோற்றை வடிக்கும்வரை அந்த மனிதர் அசையவில்லை. வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. என்னை அறியாமல் கைகூப்பினேன்.

"ஜன்னல் வைத்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள். பிறகுதான் தவணை" என்றார் இருமிக்கொண்டே.

அந்த அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "ஏனுங்க சாமி, உங்கம்மா சமைச்ச ஊட்டுலயும் சன்னலு இல்லீங்களா?"

அவர் செம்பை வாங்கிக்கொண்டார். செம்புத் தண்ணீர் தீரும்வரை முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.