மேசைக்கடியில் ஒரு பஸ் டிரைவர்

பூமிதான் ஆடுகிறது என்று நம்பினேன். விடுமுறைக்கு வந்து, சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டுக் கட்டிலில் வலப்பக்கம் புரண்டு படுத்த காலையில், சுவரும் ஜன்னலும் கிறுகிறுவென்று சுழன்றன. நியூசிலாந்தின் வெலிங்டனில் பஸ் ஓட்டுகிறவன் நான். அங்கே நிலம் அவ்வப்போது குலுங்கும். குலுங்கினால் மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளப் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து டிப்போ ஆட்கள்வரை எல்லோரையும் பழக்கியிருக்கிறார்கள். நானும் தவழ்ந்து போய்ச் சாப்பாட்டு மேசைக்குள் நுழைந்து, "எல்லாரும் உள்ள வாங்க!" என்று அலறினேன்.

அக்கா காபித் தம்ளரோடு குனிந்து பார்த்தாள். "ஏண்டா, அங்க என்ன தேடற?"

"நெலம் ஆடுதுக்கா!"

"எனக்கு ஆடலையே. காபி தளும்புதா பாரு."

தளும்பவில்லை. ஆனால் அதற்குள், 'சேலத்தில் நிலநடுக்கம், உயிரோடு இருக்கிறேன்' என்று வெலிங்டனில் இருக்கும் மனைவிக்குப் போனில் செய்தி அனுப்பிவிட்டேன். அவள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். குமாரபாளையத்திலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். அவருக்கு விசைத்தறிப் பட்டறை; தறி ஓடினால் தரை எப்போதும் அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். "ஆடறது நெலமா தறியான்னு தெரியல சாமி. அதான் எல்லாத் தறியையும் நிறுத்திப்போட்டு ஆளுகளோட ரோட்டுல நிக்கறோம். உள்ள போலாமா?" பதிலுக்கு எனக்கு வாந்திதான் வந்தது.

வாந்தியோடு நிலநடுக்கப் பயம் போய், பக்கவாதமோ என்ற பயம் வந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் சோதித்துவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் என்னைச் சட்டென்று படுக்கவைத்து, வலப்பக்கம் திருப்பிய தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கண்களையே பார்த்தார். "உள்காதுல இருக்கற துகள் எடம் மாறிப்போச்சுங்க சார், அதான் தலை சுத்துது. தலைய மெதுவாத் திருப்பியே பழைய எடத்துக்குக் கொண்டு போயிரலாம்." அவர் திருப்பத் திருப்ப உலகம் சுற்றியது. நான் கட்டில் காலைத் துழாவினேன். "அத உடுங்க, கட்டில் எங்கயும் போகாது." அக்கா சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன வேலை பாக்கறீங்க சார்?"

"கணக்கு எழுதற வேலை," என்றேன். அக்காவின் சிரிப்பு நின்றது.

"நல்லதுங்க. டிரைவரா இருந்தா, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டீரிங்கத் தொடக்கூடாதும்பேன்."

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் லாரி ஓட்டி வளர்ந்தவன். தலைசுற்று என்று ஒரு டிரைவருக்குப் பேர் வந்துவிட்டால் அவரைக் கிளீனராகக்கூட யாரும் ஏற்றமாட்டார்கள். அப்படி ஒருவரைப் பார்த்துக் கூட்டத்தோடு நானும் சிரித்திருக்கிறேன். ஸ்டீரிங்கை எடுத்துவிட்டால் வெலிங்டனில் நான் யார்?

வாசலில் அக்கா கேட்டாள்: "உனக்குப் பின்னாடி பஸ்ஸு நெறைய சனம் உக்காந்திருக்குமேடா. அத்தன பேரையும் எந்த மேசைக்கடியில கூட்டிட்டுப் போவ?"

திரும்பி உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிறகு டிப்போ மேலாளருக்குப் போன் செய்தேன். "டேக் யுவர் டைம்," என்றார். நம்மூர் லாரி முதலாளி "பொறுமையா வாங்க" என்றால் வேறு ஆளை ஏற்றிவிட்டார் என்று பொருள். ஆகவே மீதி விடுமுறை முழுக்க, வேலை போனவனாகவே ஒற்றைக்காலில் நின்று சமநிலைப் பயிற்சி செய்தேன். அக்கா முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். சித்தப்பா தினமும் போனில், "இன்னிக்குத் தறி ஓட்டலாமா சாமி?" என்று கேட்பார்.

வெலிங்டன் திரும்பிப் பார்த்தால், வேலை போகவில்லை. மேலாளர் சொன்னதற்கு, சொன்னதுதான் பொருள். வெலிங்டன் மருத்துவர் இன்னும் சரி சொல்லவில்லை. அதுவரை டிப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் இருக்கிறேன். தினமும் காலையில், முன்பு நான் ஓட்டிய பஸ்ஸிலேயே பயணியாகப் போகிறேன். இறக்கம் வந்தால் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. அது தேடுவது இந்த பஸ்ஸின் பிரேக்கையா, திருச்செங்கோட்டு லாரியின் பிரேக்கையா, எனக்கே தெரியவில்லை. தலை சுற்றவில்லை.