முருங்கை மரத்தடியில் கிடைத்த பானை

எங்கள் ஊர் கொற்கை. ஒரு காலத்தில் பாண்டியர்களின் தலைநகரம். இப்போது வாழைத் தோட்டங்களும் இரண்டு டீக்கடைகளும்தான். கடல் விலகிப்போய் வெகு காலமாகியும் வாழைக்குக் குழி எடுத்தால் இன்றைக்கும் சங்கு வரும், பானை ஓடு வரும். ஓரமாக எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். வெளியூர்க்காரர்களிடம் பேசும்போது மட்டும் எனக்கு ராஜ பரம்பரைத் திமிர் வந்துவிடும்.

போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கழிவறைக்குக் குழி வெட்ட ஆள் விட்டேன். "அங்கன வேண்டாம்லே, தெக்க வெட்டு" என்று அம்மா சொல்லித்தான் இருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தோம்.

குழி இடுப்பளவு இறங்கியதும் வெட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார். "ஒரு பானை கெடக்கு வே. உள்ள எலும்பு இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பானையைத் தூக்கிவந்து எலும்புகளைக் கழுவி, செய்தித்தாளில் பரப்பினேன். குச்சி குச்சியாகச் சின்ன எலும்புகள். கூடவே ஒரு கருமணி வளையல். அளவு தெரிய பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, 'பாண்டியர் காலத்துப் பிள்ளை' என்று நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா அரிசிப் பையோடு வந்தாள். வளையலைப் பார்த்ததும் பை கீழே விழுந்தது.

"தொடாதலே. அது உங்க அக்கா."

எனக்கு முன்னால் பெண் பிள்ளை ஒன்று பிறந்து எட்டாம் நாளே இறந்ததாம். புதுப்பானையில் வைத்து அப்பாதான் அங்கே புதைத்தாராம். நாற்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கூடப் பிறந்தவளைக் குழாயடியில் வைத்துக் கழுவியிருக்கிறேன்.

அம்மா அழவில்லை. ஒவ்வோர் எலும்பாகப் பைய எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டாள். அவள் அவற்றைப் பானைக்குள் வைத்துக் குழியில் இறக்கியதும் மூடச் சொன்னேன். அண்ணாச்சி மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். வெட்கம் தாங்காமல் போனை எடுத்து, அனுப்பிய படங்களை அழிக்கப் போனேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதய்யா. அவளுக்கு வேற போட்டோ கெடையாது."